விளிம்பில் நின்றவர்கள் – 14: மூன்று இரவுகள்

ட்ரெவர் ராபின் போய்விட்டார். டோனி கேயும் கிளம்பிவிட்டார். 1995-ல் யெஸ் இசைக்குழுவில் மிஞ்சியது மூன்றே பேர்: பாடகர் ஜான் ஆண்டர்சன், பேஸ் கிட்டார் வாசிக்கும் கிறிஸ் ஸ்குவையர், டிரம்மர் ஆலன் ஒயிட். காலியான இரண்டு இடங்களுக்கு யார் வரப்போகிறார்கள் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

வந்தவர்கள் புதியவர்கள் அல்ல. கிட்டாருக்கு ஸ்டீவ் ஹௌ. கீபோர்டுக்கு ரிக் வேக்மன்.

இந்த இரண்டு பெயர்களும் அந்த மூன்று பெயர்களோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும். 1977-ல் 'கோயிங் ஃபார் த ஒன்' ஆல்பத்தைத் தந்த அதே ஐவர். இந்த ஐவர் மட்டும், வேறு யாரும் உடன் இல்லாமல், ஒரு மேடையில் நின்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆட்கள் திரும்பி வந்துவிடலாம். அந்த ஒலி திரும்பி வருமா?

அறுந்தது எங்கே?

இதற்குப் பதில் தேட, 1979-ன் கடைசி மாதங்களில் பாரிஸ் நகரத்தில் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். புதிய ஆல்பம் ஒன்றுக்காக ஐவரும் அங்கே கூடினார்கள். தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். ஆண்டர்சனும் வேக்மனும் ஒரு பக்கம், மற்ற மூவரும் ஒரு பக்கம். முன்னவர்கள் கொண்டுவந்த மெட்டுகள் பின்னவர்களுக்கு வலுவில்லாதவையாகப் பட்டன. போதாக்குறைக்கு ஆலன் ஒயிட் ஸ்கேட்டிங் போய்க் காலை உடைத்துக்கொண்டார். வேலை பாதியில் நின்றது. 1980-ல் ஆண்டர்சனும் வேக்மனும் விலகினார்கள். அவர்கள் இல்லாமல் 'டிராமா' என்றொரு ஆல்பம் வந்தது. 1981-ல் குழுவே கலைந்தது. ஸ்டீவ் ஹௌ, ஏஷியா என்ற புதிய குழுவுக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததைத்தான் கடந்த சில வாரங்களாகப் பார்த்தோம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ட்ரெவர் ராபின் என்ற இளைஞர் அந்தக் குழுவுக்கு உயிர் கொடுத்தார். 1983-ல் '90125' வந்தது. அதில் இருந்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. யெஸ் அதற்கு முன்பும் பின்பும் தொடாத உயரம் அது. ராபினுக்கு அந்தக் குழு பட்டிருக்கும் கடன் பெரியது. அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

ஆனாலும் அது வேறு ஒலி. நாலு நிமிடத்தில் முடிந்துவிடும் கச்சிதமான பாடல்களின் ஒலி. யெஸ் பிறந்தது அதற்காக அல்ல. 1972-ல் 'க்ளோஸ் டு த எட்ஜ்' வந்தபோது அந்த இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிறைத்திருந்தது. பதினெட்டு நிமிடத்துக்கும் மேல். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த பாதிப்பில், ஓர் ஆற்றங்கரையை மனதில் வைத்து எழுதப்பட்ட பாடல் அது. ஒரு ராகத்தை நிதானமாக விரித்துப் பாடக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நீளம் அலுக்காது. ஒரு கருத்து பிறந்து, வளர்ந்து, உடைந்து, அமைதியாகி, வேறு உருவில் திரும்பி வருவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. ப்ராக்ரசிவ் ராக் என்று ஐரோப்பாவில் பேர்பெற்ற இசையின் உயிர் அங்கேதான் இருந்தது.

1991-ல் பழைய யெஸ்ஸையும் புதிய யெஸ்ஸையும் ஒட்டவைக்க ஒரு முயற்சி நடந்தது. எட்டுப் பேர் ஒரே மேடையில். ஆல்பத்துக்கு 'யூனியன்' என்று பெயர். ஹௌவும் வேக்மனும் வாசிக்க வேண்டிய பகுதிகளில் பலவற்றை, கூலிக்கு வந்த வேறு கலைஞர்கள் ஸ்டூடியோவில் வாசித்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் கண்ணீர் வருவதால் அதை 'ஆனியன்' என்றே அழைப்பதாக வேக்மன் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். பயணம் முடிந்ததும் இருவரும் மீண்டும் வெளியே.

இப்படிக் காயம்பட்டுப் போன இருவர்தான் 1995-ல் திரும்பி வருகிறார்கள். எங்கே?

பாதிரியார்கள் கட்டிய ஊர்

லண்டனுக்கு அல்ல. லாஸ் ஏஞ்சலீஸுக்கும் அல்ல. கலிஃபோர்னியாவின் கரையோரம், லாஸ் ஏஞ்சலீஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவழியில், சான் லூயிஸ் ஒபிஸ்போ என்றொரு சிற்றூர். 1772-ல் ஸ்பானியப் பாதிரியார்கள் எழுப்பிய தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். ஜான் ஆண்டர்சன் அப்போது அங்கேதான் குடியிருந்தார். அங்கேயே ஸ்டூடியோ போட்டார்கள். 1995 இலையுதிர் காலத்தில் வேலை தொடங்கியது.

ஊரின் நடுவில் ஃப்ரீமான்ட் தியேட்டர் என்ற பழைய சினிமா கொட்டகை. 1942-ல் திறக்கப்பட்டது. வெளியே வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் கோபுர விளக்குப் பலகை. உள்ளே சுவரெல்லாம் வளைந்து நெளிந்து ஓடும் ஓவிய அலங்காரம். 1976 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவின் ஜே.எஃப்.கே. ஸ்டேடியத்தில் லட்சம் பேர் கூடிய கூட்டத்துக்கு முன்னால் வாசித்த குழு இது. இப்போது ஓர் உள்ளூர் சினிமா கொட்டகையைத் தேர்ந்தெடுத்தது. 1996 மார்ச் 4, 5, 6. மூன்றே இரவுகள்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்தி இருந்ததாக நினைக்கிறேன். பெரிய மைதானத்தில் தவறு தெரியாது, நுணுக்கமும் தெரியாது. சின்ன அரங்கில் இரண்டுமே தெரியும். பதிவுக் கருவிகள் வேறு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டர்சனுக்கு 51 வயது. ஹௌவுக்கு 48. வேக்மனுக்கும் ஒயிட்டுக்கும் 46. ஸ்குவையருக்கு?

அந்த முதல் இரவு, மார்ச் 4, கிறிஸ் ஸ்குவையரின் பிறந்தநாள். அன்றுதான் அவருக்கு 48 நிறைந்தது. 1968-ல் லண்டன் வார்டோர் தெருவின் லா ஷாஸ் மதுவிடுதியில் ஆண்டர்சனைச் சந்தித்த நாளிலிருந்து ஒரு நாளும் குழுவை விட்டு விலகாத ஒரே மனிதர். எத்தனையோ பேர் வந்து வந்து போன வீட்டில் விளக்கை அணைய விடாமல் வைத்திருந்தவர். பழைய துணைகள் மேடைக்குத் திரும்பிய நாளும் அவர் பிறந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது.

விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்'. எழுபதுகளில் யெஸ் மேடையேறும்போதெல்லாம் ஒலித்த அதே முன்னுரை. வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி உச்சத்தைத் தொடுகின்றன. அது ஓய்ந்ததும் ஹௌவின் கிட்டார் 'சைபீரியன் கத்ரு'வின் முதல் வரியைக் கொளுத்துகிறது. அடுத்த நொடி ஐவரும் சேர்ந்து விழுகிறார்கள்.

அந்தப் பதிவைக் கேளுங்கள். 1972-ன் வேகம் இல்லை. விரல்களில் வயது தெரிகிறது. ஆனால் கிட்டாருக்குக் கீழே, முன்னால் வந்து நின்று வாதம் செய்வதுபோல் ஒலிக்கும் ஸ்குவையரின் பேஸ், அதற்கு மேலே ஆண்டர்சனின் கூரிய குரல், இரண்டுக்கும் நடுவே யாரும் யாரையும் மறைக்காமல் மற்ற மூவர். பக்கவாத்தியம் என்று இந்தக் குழுவில் எதுவும் கிடையாது. ஐந்தும் முன்வரிசை. எல்லோரும் முன்னால் நின்றும் நெரிசல் இல்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் யெஸ்.

முதல் தடை தாண்டியாயிற்று. ஆனால் அன்றைய பட்டியலில் ஒரு பாடல் இருந்தது. வேக்மனை 1974-ல் வீட்டை விட்டே துரத்திய ஆல்பத்தின் பாடல்.

அடிக்குறிப்பில் பிறந்த கடல்

1973 மார்ச். குழு டோக்கியோவில் இருந்தது. விடுதி அறையில் ஆண்டர்சன் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்'. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, டிரம்மர் பில் ப்ரூஃபோர்டின் திருமண விருந்தில் சந்தித்த ஜேமி மியூர் என்ற கலைஞர் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். புத்தகத்தின் ஒரு நீண்ட அடிக்குறிப்பில் ஆண்டர்சனின் கண் நின்றது. சாஸ்திரங்களின் நான்கு பிரிவுகள்: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நான்கு பிரிவு. நான்கு இசைத்தட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரு பாடல். 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' இப்படித்தான் பிறந்தது.

நம்மூர்க்காரர்கள் யாரும் கேட்காமலேயே, நம் ஞான மரபின் பாகுபாடு ஓர் ஆங்கில ராக் இசைத்தட்டுக்கு எலும்புக்கூடாக அமைந்தது. அந்தத் தத்துவத்தை ஆண்டர்சன் எவ்வளவு ஆழமாக உள்வாங்கினார் என்று கேட்கலாம். ஒன்று உறுதி: அந்த அடிக்குறிப்பை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேக்மனுக்கு அந்த ஆல்பம் பிடிக்கவே இல்லை. ஒரு தட்டுக்குப் போதுமான சரக்கை இரண்டு தட்டுக்கு இழுத்திருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. இரவுக்கு இரவு அதை முழுதாக வாசிக்க வேண்டியிருந்தது. மான்செஸ்டர் நகரத்து மேடையில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, கீபோர்டுகளின் மேல் வைத்து இந்திய உணவகத்துக் கறியைச் சாப்பிட்டார் என்பது ராக் உலகில் இன்றும் பேசப்படும் கதை. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கலைஞனின் தனிமைதான் தெரிகிறது. 1974 மே மாதம் அவர் விலகினார். அதே சமயத்தில் அவருடைய சொந்த ஆல்பமான 'ஜர்னி டு த சென்டர் ஆஃப் தி எர்த்' பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது.

இப்போது 1996. ஃப்ரீமான்ட் மேடை. அந்த ஆல்பத்தின் முதல் பக்கம், சுருதிக்கென எழுதப்பட்ட 'த ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்', இருபது நிமிடமும் குறையாமல் பட்டியலில் இருக்கிறது. கீபோர்டுகளுக்கு நடுவே அதே வேக்மன்.

என்ன செய்தார்?

வாசித்தார். முழுமனதோடு வாசித்தார். பாடலின் கடைசிப் பகுதியில் கீபோர்டு தனியாகப் பாய வேண்டிய ஓர் இடம் உண்டு. அங்கே அவர் விரல்கள் ஓடுவதைக் கேட்டால், இந்தப் பாடலுக்காகவா இவர் ஒரு காலத்தில் மனம் வெறுத்துப் போனார் என்று தோன்றும். இருபத்திரண்டு ஆண்டுகள் இடையில் கடந்திருந்தன. நண்பனின் கனவு தனக்குப் பிடிக்காவிட்டாலும் அதற்குத் தன் கையைக் கொடுக்கலாம் என்ற பக்குவம் அதற்குள் வந்திருந்தது. பழைய ஒலி திரும்பியது அந்தப் பக்குவத்தால்தான் என்பது என் துணிபு. கிட்டாரும் கீபோர்டும் கடையில் கிடைக்கும். இது கிடைக்காது.

தொலைபேசிக் கம்பியில் வந்த ஆர்கன்

மூன்று இரவுகளிலும் கூட்டம் மூச்சடக்கிக் கேட்டிருக்க வேண்டிய இன்னோர் இடம் 'அவேக்கன்'.

1976-ன் இறுதியில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் இது பதிவான கதையை ஒன்பதாம் அத்தியாயத்தில் சொல்லியிருந்தேன். வேக்மனுக்கு உண்மையான தேவாலய ஆர்கன் வேண்டும். அது இருப்பதோ சில கிலோமீட்டர் தள்ளி, வெவே ஊரின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில். குழுவோ மோந்த்ரோ ஸ்டூடியோவில். என்ன செய்தார்கள்? சுவிஸ் தொலைபேசிக் கம்பிகளை வாடகைக்குப் பிடித்தார்கள். தேவாலயத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேக்மன் வாசிக்க, ஆர்கனின் ஒலி கம்பி வழியே ஸ்டூடியோவுக்கு வந்து மற்றவர்களின் வாசிப்போடு கலந்தது. ஊர் வேறு, கட்டடம் வேறு. இசை மட்டும் ஒன்று.

ஃப்ரீமான்ட் மேடையில் கம்பி தேவைப்படவில்லை. ஐவரும் சில அடி தூரத்தில் நிற்கிறார்கள். பாடலின் நடுவில் எல்லாம் அடங்கிப்போகும் ஒரு கட்டம் வரும். ஒயிட் டிரம்ஸ் குச்சிகளை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன மணிகளைத் தொடுகிறார். ஆண்டர்சனின் கையில் சிறிய ஹார்ப். இரண்டும் துளித்துளியாகச் சொட்டுகின்றன. அதன்மேல் ஆர்கன் மெல்லப் படர்கிறது. இந்தப் பாடலுக்கென்றே மூன்று கழுத்துகள் கொண்ட கனத்த பேஸ் கிட்டாரைச் சுமக்கும் ஸ்குவையர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். ஹௌ காத்திருக்கிறார். ராக் இசையில் மௌனமாக நிற்பது கடினமான வேலை. கை துறுதுறுக்கும், கூட்டம் எதிர்பார்க்கும். இவர்கள் நிற்கிறார்கள். நிமிடங்கள் நகர்கின்றன. பிறகு ஒலி ஒரே அலையாக எழும்பும்போது, அது எங்கிருந்து எழுந்தது என்று கேட்பவருக்குத் தெரிகிறது: ஐந்து பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த இடத்திலிருந்து.

பாரிஸில் தொலைந்தது இந்தக் காத்திருப்பு. சான் லூயிஸ் ஒபிஸ்போவில் கிடைத்ததும் இதுவே.

உண்மையான பரீட்சை

பழைய பாடல்களை நன்றாக வாசிப்பது பாதி வெற்றிதான். திறமையான பிரதிக் குழு ஒன்றும் அதைச் செய்துவிடும். அந்த ஒலியில் புதிதாக ஒன்றை எழுத முடியுமா? அதுதான் கேள்வி.

எழுதினார்கள். 1996 அக்டோபரில் 'கீஸ் டு அசென்ஷன்' என்ற பெயரில் மேடைப் பதிவுகள் வெளியாயின. ரோஜர் டீன் வரைந்த அட்டை. கூடவே இரண்டு புதிய பாடல்கள். ஒன்று 'தட், தட் இஸ்'. பத்தொன்பது நிமிடம். ஹௌவின் அக்கூஸ்டிக் கிட்டார் தனியாகத் தொடங்கி வைக்கிறது. வரிகளோ பழைய மாயலோகத்தைப் பாடவில்லை. நகரத்து வன்முறைக்கு நடுவே வளரும் இளையோரைப் பாடுகின்றன. கட்டமைப்பு 1972-ஐச் சேர்ந்தது, கவலை 1996-ஐச் சேர்ந்தது.

இன்னொன்று 'பி த ஒன்'. அடுத்த கட்டத்தில் வந்தது 'மைண்ட் ட்ரைவ்'. பதினெட்டு நிமிடத்துக்கும் மேல். இதற்குள் ஓர் இரகசியம் புதைந்திருக்கிறது. 1981-ல் யெஸ் கலைந்தபோது ஸ்குவையரும் ஒயிட்டும் வேறொருவரோடு சேர்ந்து சில நாள்கள் வாசித்துப் பார்த்தார்கள். அந்த வேறொருவர் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ். டிரம்மர் ஜான் பானம் இறந்து அந்தக் குழுவும் கலைந்திருந்த நேரம். இரண்டு குழுக்களின் பழைய ஆட்கள் என்பதால் அந்தக் கூட்டணிக்கு எக்ஸ்.ஒய்.இசட் என்று பெயர். ஆல்பம் எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு மெட்டு ஸ்குவையரிடமும் ஒயிட்டிடமும் தங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஹௌவும் வேக்மனும் திரும்பி வந்த பிறகு, அதுவே 'மைண்ட் ட்ரைவ்' ஆக விரிந்தது. குழு சிதறிய நாள்களில் கிடைத்த விதை, குழு கூடிய நாள்களில் மரமானது.

'மைண்ட் ட்ரைவ்' உள்ளிட்ட ஐந்து புதிய பாடல்கள் தயாராகிவிட்டன. ஒரு முழு ஆல்பத்துக்குப் போதுமான சரக்கு. எழுபதுகளின் ஐவர், எழுபதுகளின் ஒலியில், புத்தம் புதிய ஆல்பம். இருபது ஆண்டுகள் ரசிகர்கள் எதற்காகத் தவம் கிடந்தார்களோ, அது கைக்கெட்டும் தூரத்தில்.

கை எட்டியது. வாய்க்கு எட்டவில்லை.

அந்த ஐந்து பாடல்களும் தனி ஆல்பமாக வரவில்லை. மிச்சமிருந்த மேடைப் பதிவுகளோடு கட்டி, 'கீஸ் டு அசென்ஷன் 2' என்று 1997 நவம்பர் 3 அன்று வெளியிட்டார்கள். பழைய பாடல்களின் தொகுப்பு என்று நினைத்துப் பலர் கடந்து போயிருக்கக்கூடிய பெட்டிக்குள், குழுவின் ஆகச் சிறந்த பிற்காலப் படைப்பு மறைந்துகிடந்தது. அந்தப் புதிய பாடல்களை மட்டும் பிரித்தெடுத்து 'கீஸ்டூடியோ' என்று ஓர் ஆல்பம் வர 2001 ஆகிவிட்டது.

அதைவிட வேதனை, அதே 1997 நவம்பர் 24. மூன்றே வாரத்தில் இன்னொரு யெஸ் ஆல்பம் கடைகளுக்கு வந்தது! பெயர் 'ஓப்பன் யுவர் ஐஸ்'. வேறு நிறுவனம். வேறு ஒலி. ஐந்தும் ஆறும் நிமிடப் பாடல்கள்.

அட்டையில் இருந்த கலைஞர்களின் பட்டியலை ஓட்டிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள். ஆண்டர்சன் இருந்தார். ஸ்குவையர், ஹௌ, ஒயிட் இருந்தார்கள். ரிக் வேக்மனின் பெயர் இல்லை. அவர் மீண்டும் விலகிவிட்டிருந்தார்.

அந்த இடத்தில் ஒரு புதிய பெயர். உண்மையில் அவ்வளவு புதியதும் அல்ல. ஃப்ரீமான்ட் பதிவுகளின் ஒலிக்கலவையைக் கவனித்துக்கொண்ட இளைஞர் அவர். குழு முதல் இசைத்தட்டு வெளியிட்டபோது நான்கு வயதுக் குழந்தை. பின்னாளில், 2015-ல், கிறிஸ் ஸ்குவையர் நோயில் விழுந்தபோது, ஒரு நாளும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கப்போவது இந்த இளைஞரைத்தான்.

யார் அவர்? ஐவர் கட்டிய வீட்டுக்குள் ஆறாமவர் எப்படி நுழைந்தார்?

(தொடரும்)